கணுக்காலுக்கு உரியவர்கள்

பல் பிடுங்கும்போது பயமும் வலியும் தெரியாமல் இருப்பதற்காக மூக்கு வழியாகக் கொடுக்கிற வாயுவை உள்ளே இழுத்தவர்கள் உப்போடையில் நாற்காலியை விட்டு மேலே கிளம்பிவிடுகிறார்கள் என்பதில் டாக்டர் செண்பகவல்லிக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. அவளுடைய வருத்தமெல்லாம் அவர்களுடைய தாய்மாமன்களைப் பற்றியது. மிதக்கிறவர் பாட்டுக்கு மிதக்கட்டும், வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் போதும், ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்றாவது அவள் பல்லைப் பிடுங்கிவிடுவாள். ஆனால் தாய்மாமன் என்கிறவர் வந்து, உட்கார்ந்து, காபி குடித்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்து, வராதவர்களைப் பற்றிக் குறைப்பட்டு, ராகு காலம் முடிந்துவிட்டதா என்று விசாரித்து, அதற்கப்புறம் எழுந்து வேட்டியைத் திருத்திக் கட்டிக்கொண்டு மருமகனின் கணுக்காலைப் பிடிக்கிறவரைக்கும் கையில் குறடோடு காத்து நிற்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கொடுமையை எப்படிச் சமாளிப்பது என்று அவள் படித்த கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

உப்போடை கடலை மிட்டாய் ஊர். தெருவுக்குத் தெரு வெல்லப்பாகு கொதிக்கும், காற்றே தித்திக்கும், பால்பல் முளைத்த பிள்ளைக்கு முதலில் கொடுப்பது ஒரு துண்டு கடலை மிட்டாயாகத்தான் இருக்கும். அதனால் நாற்பது வயதுக்குள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் கடைவாய் காலியாகிவிடும். அப்படியும் அவர்கள் பல் டாக்டரிடம் வர மாட்டார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், ஈறில் குத்துகிற ஊசியை நினைத்தாலே பெரிய பெரிய மீசைக்காரர்களுக்குக்கூடக் கால் நடுங்கும். கிராம்பை வைத்து, புகையிலையை வைத்து, அதற்கும் கேட்காவிட்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கன்னம் பலாப்பழமாக வீங்கிய பிறகு ஒருநாள் நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்தப் பயத்தைப் போக்குவதற்காகத்தான் செண்பகவல்லி அந்த மிஷினை வாங்கிப் போட்டாள். நீல சிலிண்டரில் வாயு, கறுப்பு சிலிண்டரில் ஆக்சிஜன், நடுவே இரண்டு குமிழ், அதிலிருந்து நீண்ட குழாய்கள், குழாய் நுனியில் மூக்கை மட்டும் மூடுகிற ஒரு ரப்பர் மூடி. நாலைந்து முறை நிதானமாக மூச்சை இழுத்தால் கைகால் லேசாகும், உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும், ஊசி போடுவது தெரியும், ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரருக்குப் போடுவது மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் வெறும் ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் கொடுத்தால் எழுந்து தானாக நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். உலகமெல்லாம் நடக்கிற காரியம்தான்.

உப்போடையில் அதோடு சேர்ந்து ஆளும் மேலே கிளம்பினார். முதலில் கிளம்பியவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சங்கிலிப்பாண்டி. மூடியை வைத்துக் கொஞ்ச நேரத்தில் அவர் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே இடைவெளி விழுந்தது, அந்த இடைவெளி வளர்ந்தது, நர்ஸ் எஸ்தர் அவருடைய கணுக்காலை எட்டிப் பிடித்துக்கொண்டாள், செண்பகவல்லி முக்காலியில் ஏறிச் சொத்தையை அடைத்து முடித்தாள். ஆக்சிஜன் கொடுத்ததும் மெல்லக் கீழே இறங்கினார். வீட்டுக்குப் போன சங்கிலிப்பாண்டி தன் மனைவியிடம், வைத்தியம் ஒன்றும் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் பீரோவுக்கு மேலே ஒரே ஒட்டடை என்று சொன்னார். மறுநாள் எஸ்தர் ஏணி போட்டு ஒட்டடை அடித்தாள்.

கம்பெனியிலிருந்து மிஷினைப் பார்க்க வந்த ஆள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, தானே மூடியை வைத்துப் பார்த்து, மேலே போய்க் கீழே வந்து, மிஷினில் கோளாறு எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். செண்பகவல்லி மின்விசிறியைக் கழற்றிவிட்டாள். பெல்ட் போட்டுக் கட்டிப் பார்த்தாள், நாற்காலியும் சேர்ந்து எழும்பித் தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டு அறையெல்லாம் வெள்ளம். மணல் மூட்டையை மடியில் வைத்துப் பார்த்தாள், மூட்டையும் போனது. ஒரு மனுஷக் கை கணுக்காலைத் தொட்டுப் பிடித்திருந்தால் மட்டும் ஆள் அந்த உயரத்திலேயே நின்றார். பலமாகக்கூடப் பிடிக்க வேண்டாம். யார் கையாக இருந்தாலும் போதும். எஸ்தர் கை போதும், வாசலில் பூ விற்கிறவள் கை போதும், ஒருமுறை மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சிறுமி அழுதாள், அதில்தான் எல்லாம் கெட்டது. அவள் அழுகையை நிறுத்துவதற்காகக் கூட வந்த தாய்மாமன் அவள் காலைப் பிடித்துக்கொண்டார். அம்மாக்காரி அதை போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். காது குத்தும்போது பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில்தானே, அப்படியென்றால் பல் பிடுங்கும்போது காலைப் பிடிப்பதும் அவர்தானே என்று பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. அடுத்த வாரமே ஒரு பையனின் மாமன் எஸ்தரிடம், "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நிக்கேன், நீங்க எதுக்கும்மா பிடிக்கணும்?" என்று கேட்டார். எஸ்தர் விலகி நின்றாள். அன்று விலகியவள்தான்.

அதற்கப்புறம் உப்போடை சும்மா இருக்குமா? தாய்மாமன் வெறுங்கையோடு வரலாமா என்று ஒருவர் கேட்க, அடுத்தவர் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு வந்தார். அதற்கடுத்தவர் வேட்டி துண்டோடு வந்தார். பிறகு வந்தவர் மேளத்தோடு வந்தார். 'எங்கள் இல்லப் பல் நீக்கு விழாவிற்கு வருகை தரும் தாய்மாமன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்று ஆஸ்பத்திரி வாசலில் பிளெக்ஸ் கட்டினார்கள், அதில் செண்பகவல்லியின் படம் மூலையில் தபால்தலை அளவில் இருந்தது. அஷ்டமி நவமியில் ஒருவரும் வருவதில்லை, முகூர்த்த நாளில் எல்லாரும் ஒரே மணிக்கு வந்தார்கள். ஐந்து தாய்மாமன் உள்ள ஒருவருக்கு ஐந்து பேரும் ஒரே கணுக்காலுக்கு அடித்துக்கொண்டதில் மூத்தவருக்கு விரல் பிசகியது. துபாயில் இருந்த மாமன் வீடியோ காலில் பிடிப்பதாகச் சொல்லி, போனைக் கணுக்காலோடு சேர்த்துத் துண்டால் கட்டி, மருமகனும் போனும் துபாய் மாமனின் முகமும் ஒன்றாக மேலே போய் டியூப்லைட்டில் இடித்தன. தாய்மாமன் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, ஆணுக்குத் தாய்வழியில் யாராவது, கல்யாணமான பெண்ணுக்கு அவளுடைய அண்ணன் தம்பி என்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் யார் கை பிடித்தாலும் போதும் என்று செண்பகவல்லி எழுந்து சொன்னாள். நீங்க சொல்றது சரிதான் டாக்டரம்மா என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு, அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

இவ்வளவிலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது வேறொன்று. நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கூட வந்த கூட்டம் பதில் சொல்லும். "மேல, வலது பக்கம்" என்பார் மாமன். "இல்ல, கீழ" என்பார் சித்தப்பா. ராத்திரி தூக்கம் வருகிறதா என்றால் மாமியார் சொல்வாள். பல்லை எடுத்துவிடவா, வேர் வைத்தியம் செய்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நிற்பவர்கூட ஒரு கருத்து வைத்திருப்பார். பல்லுக்குச் சொந்தக்காரர் மட்டும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். "நான் அவங்களைக் கேட்டேன்" என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறோம் என்று செண்பகவல்லி எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

இப்படியிருக்கும்போதுதான் சீனியம்மாள் வந்தாள், அல்லது அவளுடைய மகள் சுகந்தி சாத்தூரிலிருந்து வந்து அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். கீழ்க் கடைவாய்ப் பல் சீழ் பிடித்து, வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. போன வாரமே மாத்திரை கொடுத்து, இரண்டு நாளில் வந்து பல்லை எடுத்துவிடுங்கள் என்று செண்பகவல்லி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இப்போது மாத்திரை கேட்கிற கட்டமெல்லாம் தாண்டிப்போயிருந்தது.

"ஏன் வரலை?" என்று கேட்டாள்.

"அண்ணன் வரலைல்ல" என்றாள் சீனியம்மாள்.

அவளுக்குத் தாய்மாமன் இருந்தார், இறந்துவிட்டார். ஊர் முடிவுப்படி கணுக்கால் அண்ணனுக்கு உரியது. அண்ணன் கருத்தப்பாண்டி நாலு தெரு தள்ளிக் கடலை மிட்டாய்ப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய மகனுக்குச் சுகந்தியைக் கேட்டபோது, சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த சபையில், தர முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து போனவள் சீனியம்மாள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை அவளும், அவள் வீட்டு வாசலை அண்ணனும் மிதிக்கவில்லை. சுகந்திக்கு அப்புறம் சாத்தூரில் அவள் விரும்பின இடத்தில் கல்யாணம் நடந்தது, தாய்மாமன் இல்லாமலே நடந்தது. இவ்வளவையும் சுகந்தி அழுதுகொண்டே சொன்னாள்.

"எஸ்தர் அக்கா பிடிப்பாங்க. இல்ல, இதோ உங்க மக பிடிக்கட்டும்" என்றாள் செண்பகவல்லி.

சீனியம்மாள் தலையை ஆட்டினாள். "பொறந்த வீடு இல்லாதவளா போய் அந்த நாற்காலியில உக்கார மாட்டேன் தாயி."

"வாயு இல்லாம வெறும் ஊசி போட்டுப் பிடுங்கிரட்டுமா?"

அதுவும் முடியாது. முன்னொரு முறை இதே அறையில் ஊசியைக் கண்ணால் பார்த்ததற்கே மயங்கி விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டவள் அவள்.

"அப்ப மதுரைக்குப் போங்க. பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வச்சு மயக்கம் கொடுத்து எடுப்பாங்க."

"அங்கன போனாலும் அண்ணன் வரணும்ல" என்றாள் சீனியம்மாள், இதென்ன தெரியாதவள் மாதிரிக் கேட்கிறாய் என்கிற முகத்தோடு.

செண்பகவல்லிக்கு ஆத்திரமாக வந்தது. வாயுவின் மேல் வந்தது, அண்ணன்மார்கள் மேல் வந்தது, வாயைத் திறக்க முடியாத நிலையிலும் முறை பேசுகிற இந்தப் பெண்ணின் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. விரலால் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தோல் கல்லாக இருந்தது, அனலாகச் சுட்டது. சீனியம்மாள் எச்சில் விழுங்கும்போது முகம் சுளிப்பதைக் கவனித்தாள். இன்று இறங்காவிட்டால் வீக்கம் தொண்டையை அடைக்கும், அதற்கப்புறம் பல் டாக்டருக்கு வேலை இல்லை. கோட்டையும் கையுறையையும்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

பட்டறையில் பெரிய வாணலியில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கருத்தப்பாண்டி கரண்டியில் எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் சொட்டுவிட்டுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சொந்தத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் கால் பிடித்தவர் என்பதால் செண்பகவல்லிக்கு அவரை நன்றாகத் தெரியும். பிடித்தால் அசையாமல் பிடிப்பார், அதில் குறை சொல்ல முடியாது.

"வாங்க டாக்டரம்மா. யாருக்குப் பிடிக்கணும்?"

"உங்க தங்கச்சிக்கு. கழுத்து வரைக்கும் வீங்கியிருக்கு. இன்னைக்குப் பிடுங்கலைன்னா மூச்சு அடைச்சிரும்."

அவர் கரண்டி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மறுபடியும் கிண்டினார். "அதுக்கு நீங்க வந்திருக்கீக. அவ வீட்டுல இருந்து யாரு வந்தா?"

"மக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கா. இங்க வந்தா நீங்க வாசல்ல ஏத்த மாட்டீங்கன்னு பயப்படுறா."

"ஆமா, ஏத்த மாட்டேன்தான்." கரண்டியை ஆளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "டாக்டரம்மா, எம் மகன் குடிக்கானா? சீட்டாடுதானா? ஒரு குறை சொல்லுங்க பாப்போம். சபையில வச்சுத் தர மாட்டேன்னு எந்திரிச்சுப் போனா. காரணத்தைச் சொல்லிட்டுப் போயிருந்தா நான் ஏன் இப்படி இருக்கப் போறேன்? இத்தனை வருசமா ஊருல எல்லாரும் எம் மகன்கிட்ட என்ன கோளாறுன்னு தேடுதாக. நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

செண்பகவல்லிக்கு அவர்மேல் இரக்கம் வரத்தான் பார்த்தது, அதற்குள் அவரே அதைக் கெடுத்தார்.

"முறையா வெத்தலை பாக்கு வச்சு அழைக்கச் சொல்லுங்க. வாரேன்."

அவள் எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போய், ஒரு கவுளி வெற்றிலையும் பாக்குப் பொட்டலமும் வாங்கிவந்து, கடலை மிட்டாய் அறுக்கிற பலகைமேல் வைத்தாள். கருத்தப்பாண்டி குனிந்து பார்த்தார்.

"பழம்?"

செண்பகவல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கையில் உறை மாட்டியிருந்ததால் அதுவும் முடியவில்லை.

"அண்ணாச்சி" என்றாள், பட்டறையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற குரலில். "உங்க தங்கச்சி செத்துப்போனாலும் முதல்ல உங்களுக்குத்தான் ஆள் வரும். பொறந்த வீட்டுக் கோடிச் சேலையை நீங்கதான் கொண்டுவந்து போடணும். அதுக்கு வெத்தலை வேண்டாம், பழம் வேண்டாம், யாரும் முறையா அழைக்கவும் வேண்டாம். அதுக்குத்தான் காத்திருக்கீங்கன்னா சொல்லுங்க, நான் போறேன். எனக்கு வேற வேலை இருக்கு."

பாகு கிண்டுகிற ஆள் கிண்டுவதை நிறுத்திவிட்டார். கருத்தப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். வந்து ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தார். அன்று அந்தப் பட்டறையில் ஒரு வாணலிப் பாகு முறுகிக் கருகிப்போனது, ஊரெல்லாம் அந்த வாடை அடித்தது.

அவர்கள் வந்து சேர்வதற்குள் ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கருத்தப்பாண்டி தங்கச்சிக்குக் கால் பிடிக்கப் போகிறார் என்றால் அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? அடுத்து பல் பிடுங்க வேண்டியவரும் அவருடைய தாய்மாமனும் தாம்பாளத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவர்களைச் சுற்றி இரண்டு பக்கத்துச் சொந்தமும் நெருக்கியடித்து நின்றது. செண்பகவல்லி எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்து, கதவு இருந்த இடத்தில் தலை தலையாக நின்றார்கள்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சீனியம்மாளின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் கருத்தப்பாண்டியின் தாடை இறுகியது. வா என்று அவளும் சொல்லவில்லை, வந்துவிட்டேன் என்று அவரும் சொல்லவில்லை. அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து கணுக்காலைப் பிடித்தார். சுகந்தி சுவரோடு சுவராக நின்றாள்.

மூடியை மூக்கில் வைத்து, மெதுவாக மூச்சு விடுங்கள் என்று செண்பகவல்லி சொன்னாள். சீனியம்மாளின் புருவம் விரிந்தது, விரல்கள் பிரிந்தன, முந்தானை முதலில் எழும்பி அதன்பின் அவள் எழும்பினாள். அண்ணனின் நெஞ்சு உயரத்தில் நின்றாள். ஊசி இறங்கியபோது, "ஏதோ பண்றீக" என்று மட்டும் சொன்னாள். ஈறு மரத்துப்போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சீழ் பிடித்த இடத்தில் ஊசி மருந்து சீக்கிரம் வேலை செய்யாது. செண்பகவல்லி முக்காலியில் நின்றபடி காத்திருந்தாள்.

அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் கருத்தப்பாண்டியால் சும்மா இருக்க முடியவில்லை. "இப்பவாவது சொல்லு. எம் மகன் எதுல குறைஞ்சு போயிட்டான்?"

"அண்ணாச்சி, இங்க பேசக்கூடாது" என்றாள் செண்பகவல்லி.

ஆனால் சீனியம்மாள் பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். மேலே கூரையைப் பார்த்தபடி, பாதி திறந்த வாயால், கோபமோ அழுகையோ இல்லாமல், யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னாள். "உம் மகன் தங்கமான பிள்ளைண்ணே. அவனுக்கு என்ன குறை? நான் சுகந்திகிட்ட, உனக்கு இஷ்டமாட்டின்னு கேட்டேன். இல்லம்மான்னா. அம்புட்டுதான்."

"அவகிட்ட எதுக்குக் கேட்ட? நான் தாய்மாமன் கேக்கேன், அவகிட்ட என்ன கேக்க வேண்டியிருக்கு?"

"என்கிட்ட யாரும் கேக்கலைல்ல."

கதவுப் பக்கம் யாரோ இருமினார்கள். சீனியம்மாள் தொடர்ந்தாள். "பள்ளிக்கூடம் விட்டு வாரேன். பையைக்கூட இறக்கி வைக்கல. நம்ம மாமனுக்கு உன்னைப் பேசியாச்சு, வெள்ளிக்கிழமை பூ வைக்காகன்னு நீதான் சொன்ன. அப்பா இல்லாத வீடு, நீ சொன்னாச் சரிதான். அம்மா அழகா சேலை எடுத்து வச்சிருந்தா. மாமனுக்கு அப்பவே காதோரம் நரைச்சிருந்துச்சு. நல்ல மனுசன், என்னைக் கை நீட்டி அடிச்சதில்ல, இல்லேங்கல. ஆனா நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ணே. கேட்டிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீ கேட்டு நான் சரின்னு சொல்லியிருந்தா, அது நான் சொன்னதா இருந்திருக்கும்."

செண்பகவல்லி கீழே பார்த்தாள். கருத்தப்பாண்டியின் விரல்கள் தளர்ந்திருந்தன, சீனியம்மாள் அவர் கைக்குள்ளேயே வழுக்கி ஒரு சாண் மேலே போயிருந்தாள். "பிடிங்க" என்றாள் செண்பகவல்லி. அவர் திடுக்கிட்டுப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. ஈறைத் தட்டிப் பார்த்து மரத்துவிட்டது என்று தெரிந்ததும் குறடை உள்ளே விட்டாள். திறக்க மறுக்கிற வாய், உளுத்துப்போன பல், பிடிக்கப் பிடிக்கப் பொடிந்தது. இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை வேரோடு அசைந்து வந்தது, பின்னாலேயே கெட்ட சீழ் அவ்வளவும் வந்தது. எஸ்தர் உறிஞ்சுகுழாயை வைத்து எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. செண்பகவல்லி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கல் இளகியிருந்தது.

பஞ்சுத் துணியை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். இனி நீலத்தை அடைத்துவிட்டு ஆக்சிஜனை மட்டும் கொடுக்க வேண்டும், ஆள் தானாகக் கீழே வந்துவிடுவார். குமிழில் கையை வைத்தாள்.

"சீனி" என்று கூப்பிட்டார் கருத்தப்பாண்டி. அந்தப் பெயரில் அவளை அவர் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ, சுவரோரம் நின்ற சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அண்ணாந்து தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். சபையில் பேசிப் பழகிய குரல் அவருக்கு வரவில்லை.

"பிடிச்சுக்கிடவா? இல்ல, விட்டுரவா?"

"விடக்கூடாதுப்பா" என்றது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல். "பிடிச்சுக்கோங்க மச்சான், விழுந்துருவாக" என்றது இன்னொன்று. "முழுசா இறங்குறவரைக்கும் பிடிச்சவரு கையை எடுக்கக் கூடாது, அதான் முறை" என்றார் தாம்பாளத்தோடு இருந்தவர்.

"அவர் அவங்களைக் கேட்டாரு" என்றாள் செண்பகவல்லி. எத்தனையோ முறை சொல்லிச் சலித்த வாக்கியம். இந்த முறை கதவுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

சீனியம்மாள் கடையில் சேலையை எடுத்துப் பார்க்கிறவள் போல நிதானமாக யோசித்தாள், அவசரப்படுத்த அங்கே யாருக்கும் துணிவு வரவில்லை. பிறகு பஞ்சுக்கு நடுவிலிருந்து சொன்னாள்.

"விடுண்ணே. செத்த நேரம்."

கருத்தப்பாண்டி விட்டார். ஒவ்வொரு விரலாக எடுத்தார். சீனியம்மாள் அவர் தலைக்கு மேலே போனாள், முக்காலியில் நின்ற டாக்டரின் தலைக்கும் மேலே போனாள், குழாயின் நீளம் இருந்த மட்டும் போனாள், கூரைக்குப் பக்கத்தில் கொலுசுக் கால்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அவர் இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல நீட்டிக்கொண்டு கீழே நின்றார்.

செண்பகவல்லி ஆக்சிஜன் குமிழிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நல்ல நேரம் முடியப் போகிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்று தாம்பாளக்காரர் கேட்டார். தெரியாது, அவர்களுக்கு இறங்க வேண்டும் என்று தோன்றும்போது சொல்வார்கள், உட்காருங்கள் என்றாள் அவள்.